கடலில் தூக்கிய கை

சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கெட்ட பெயர் உண்டு. பதில் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வாத்தியார் சொன்னால் மற்ற பிள்ளைகள் தூக்குவார்கள். குப்பத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். புதிதாக வந்த வாத்தியார்கள் இதைத் திமிர் என்று நினைத்து முட்டி போட வைப்பார்கள். பிறகு யாராவது விஷயத்தைச் சொல்ல, அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். கடலில் ஒரு கட்டுமரம் இன்னொரு மரத்தைக் கூப்பிட வேண்டுமானால் துடுப்பை ஆட்டுவார்கள், தலைத்துண்டை வீசுவார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள். வெறுங்கையைத் தூக்கமாட்டார்கள். தூக்கினால் உயிர் போகிறது என்று அர்த்தம். பார்த்தவன் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது அங்கே போயாக வேண்டும். கரையோரம் குளிக்கிற பொடிசுகள் விளையாட்டுக்குக் கை தூக்கினால் பக்கத்தில் நிற்கிறவர் முதுகில் ஒன்று வைப்பார். பெற்றவள் சண்டைக்கு வரமாட்டாள். வீட்டுக்கு இழுத்துப் போய் அவள் பங்குக்கு இன்னொன்று வைப்பாள்.

அந்தக் குப்பத்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் தணிகைவேல். செங்கல்பட்டில் பி.ஏ. கடைசி வருஷம். அவன் அம்மா பூவாயி மீன் விற்கிறவள். அப்பா தணிகையின் சிறு வயதிலேயே கடலோடு போய்விட்டார். அன்றைக்குப் பூவாயி ஒரு முடிவெடுத்தாள். பிள்ளை மரத்தில் கால் வைக்கக் கூடாது. அவளுடைய அண்ணன் ராஜேந்திரன், "கடலுக்குப் போற பட்டினவன் புள்ள மரத்துல ஏறாம பின்ன பஸ்லயா ஏறுவான்?" என்று கேலி செய்தான். பூவாயி அவனைப் பஸ்ஸில்தான் ஏற்றினாள்.

கல்பாக்கத்தில் அப்போது மின்சார நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் வந்திருந்தது. பூவாயியின் வியாபாரம் அந்த வீடுகளில்தான். காலையில் மீன் கொடுத்துவிட்டு, மறுபடி சாயங்காலம் பாக்கி மீனையும் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். காலில் பூட்ஸும் கையில் டிபன் கேரியருமாக ஆம்பளைகள் இறங்குவார்கள். வாசல்களில் நிற்கிற பெண்கள் யாரும் பஸ்ஸை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. அதுதான் பூவாயிக்கு ஆச்சரியம். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். காலையில் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நேற்றும் வந்தார்கள், நாளைக்கும் வருவார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குத் திரும்பி வருகிற ஒரு வேலை. அவள் ஏங்கியது அதற்காகத்தான். சம்பளம் எவ்வளவு என்றுகூட அவள் யாரையும் கேட்டதில்லை.

காலேஜில் பக்தவச்சலம் என்று ஒரு விளையாட்டு ஆசிரியர் இருந்தார். அவருக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. காலேஜ் வாசலில் 'நம் சாதனைகள்' என்று தலைப்புப் போட்ட கரும்பலகை ஒன்று உண்டு. வேதியியல் விரிவுரையாளர் டாக்டர் பட்டம் பெற்றார், தமிழ்ப் பேராசிரியர் மதுரையில் கட்டுரை வாசித்தார், வரலாற்று மாணவி பல்கலைக்கழகத்தில் மூன்றாவதாக வந்தாள் என்று அதில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டு விழாவில் பிரின்சிபால் அதையெல்லாம் வாசிப்பார், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பக்தவச்சலத்தின் முறை வரும்போது, "விளையாட்டுச் சாமான்கள் நல்ல நிலையில் உள்ளன" என்று வாசிப்பார். அதற்கும் இரண்டு பேர் தட்டுவார்கள். மனிதருக்கு உடம்பெல்லாம் கூசும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கொளவாய் ஏரியில் பிள்ளைகள் பந்தயம் கட்டி நீந்துவதைப் பார்த்தார். மற்றவர்கள் பாதியில் மூச்சு வாங்க, ஒருவன் அக்கரைக்குப் போய், அங்கே நின்றுகொண்டிருந்த எருமையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். பக்தவச்சலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி அவன் பெயரைக் கேட்டார். அன்றிலிருந்து தணிகைவேலை அவர் விடவில்லை. காலையில் ஏரி, சாயங்காலம் ஏரி, ஹாஸ்டலில் அவன் தட்டுக்கு மட்டும் இரண்டு முட்டை.

பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கிடையே கடல் நீச்சல் போட்டி அந்த வருஷம் மாமல்லபுரத்தில் வைத்தார்கள். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே தொடங்கிப் புலிக்குகை வரைக்கும். ஜெயிக்கிறவன் பல்கலைக்கழக அணியில் பம்பாய்க்குப் போவான். பம்பாய்ப் போட்டிக்கு ரயில்வே ஆட்கள் வந்து நல்ல நீச்சல்காரர்களைப் பொறுக்கி வேலை கொடுத்து அழைத்துப் போவார்கள். பக்தவச்சலம் இதைச் சொன்ன நாளிலிருந்து பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"ரயில்வேன்னா இன்னா வேலடா குடுப்பான்?" என்று மகனைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எதுனா குடுப்பான்மா. ஆபீஸ்ல, இல்லாங்காட்டி ஒர்க்‌ஷாப்புல."

"சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாமில்ல?"

"பெரம்பூர்ல வூடு பாத்து நீயும் வந்துடு. வாசல்ல நின்னு பாத்துகினு இரு."

"நான் இன்னாத்துக்கு நிக்கப் போறேன்? உள்ள குந்திகினு இருப்பேன். நீயா வருவ." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளாக அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பங்குனி பிறந்த சமயம். கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. பூவாயி அன்று கூடையைத் தொடவில்லை. ராஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து, புலிக்குகைக்கு எதிரே மணலில் நின்றாள். சவுக்குத் தோப்பிலிருந்து சூட்டோடு ஊசி இலை வாசம் வந்தது. கரையெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகள், கொட்டு மேளம், குடை. நீந்துகிறவர்களுக்குக் காவலாக மாமல்லபுரத்துக் குப்பத்துக் கட்டுமரங்களைச் சிவப்புக் கொடி கட்டி விட்டிருந்தார்கள். போட்டோ எடுக்கிறவர்களும் பட்டணத்துக் கல்லூரிப் பிள்ளைகளுமாக ஒரு மோட்டார் லாஞ்சும் கூடவே வந்தது. தணிகைக்கு மஞ்சள் குல்லாய் என்று பக்தவச்சலம் சொல்லியிருந்தார். அவர் ஒரு பிரம்பு நாற்காலியில் ஏறி நின்று கொண்டிருந்தார்.

"அண்ணே, மஞ்சளு தெரியுதா?"

"அதோ, மொதல்ல வருது பாரு. மத்தவன்லாம் எங்கியோ கீறானுங்க. தெக்கேந்து வர்ற தண்ணி வேற தள்ளுது. வந்துடுவான்மே."

மஞ்சள் குல்லாய் அலையில் ஏறி இறங்கி வந்தது. கரைக்குத் திரும்ப வேண்டிய கொடிமரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூவாயி தன்னை அறியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அப்போது மஞ்சள் நின்றது. மல்லாந்து பின்னால் பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கியது.

கரையில் ஊளையிட்டார்கள். "கிறுக்கன்! இங்க வாடா!" என்று நாற்காலியிலிருந்து பக்தவச்சலம் அலறினார். ராஜேந்திரன் கண்ணுக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"யாரோ கை தூக்கிட்டாம்மே," என்றான்.

மஞ்சள் குல்லாய் மட்டுமா போனது? காவலுக்கு விட்ட கட்டுமரங்கள் அத்தனையும் கொடியும் கையுமாக அந்தப் பக்கம் திரும்பின. நடுவர் ஊதின விசிலை ஒருவரும் காதில் வாங்கவில்லை. தணிகைதான் முதலில் போய்ச் சேர்ந்தான். குப்பத்து முறைப்படி பின்னால் போய்த் தலைமயிரைப் பிடித்து ஆளை மல்லாத்தினான். கை தூக்கிய பட்டணத்துப் பையன் உதைத்தான், கடித்தான், தண்ணீர் குடித்தான். முங்குகிறவன் அப்படித்தான் செய்வான் என்று தணிகை இன்னும் இறுக்கிப் பிடித்தான். இரண்டு பேரையும் மரத்தில் தூக்கிப் போட்டார்கள். பின்னால் வந்த ஒரு நீலக் குல்லாய் யாரும் பார்க்காமல் கரையேறி முதல் பரிசு வாங்கிக்கொண்டது.

பையன் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எடுத்து முடித்ததும் கத்தினான். அவன் முங்கவே இல்லை. லாஞ்சில் வந்த சிநேகிதர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்; பதிலுக்குக் கை ஆட்டியிருக்கிறான். இரண்டாவதாக வந்திருக்க வேண்டியவனை இந்த மீன்காரன் மயிரைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டான் என்று அவனுடைய அப்பா நடுவரிடம் சண்டைக்குப் போனார். விதிப்படி இரண்டு பேருமே போட்டியில் இல்லை என்றார்கள்.

பக்தவச்சலம் நாற்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தார். தணிகை அவர் முன்னால் ஈரம் சொட்டச் சொட்ட நின்றான். "கை தூக்கினான் சார்," என்றான்.

சாயங்காலம் வீட்டில் பூவாயி காரப்பொடி மீன் ஆய்ந்தாள். மகன் வாசலில் உட்கார்ந்து மாமனுடைய சங்கரா மீன் வலையின் கிழிசலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டிருந்தான். ராஜேந்திரன்தான் பேச்சை இழுத்தான்.

"அவன் இன்னா பண்ணுவான் பூவாயி? பட்டணத்தானுக்கு இன்னா தெரியும்? அவனுங்களுக்குக் கைன்னா டாட்டா காட்ட."

பூவாயி குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றினாள். பிறகு சொன்னாள், "நீ போயிருக்கணும்டா."

"எங்கம்மா?"

"கரைக்கு. திரும்பாத போயிருக்கணும். சுத்தி அத்தினி மரம் கீது. அவுனுங்க பாத்துக்கமாட்டானுங்களா? நீ இன்னாத்துக்குப் போன?"

ராஜேந்திரன் வாயில் அடக்கியிருந்த புகையிலையைத் துப்பினான். "இந்தப் பேச்ச வேற எவளாவது பேசலாம். நீயா பேசற?"

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பூவாயியின் புருஷனோடு அன்றைக்குக் கடலில் இருந்தவன் ராஜேந்திரன்தான். மரம் உடைந்து ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். தூரத்தில் ஒரு லாஞ்சு போயிற்று. பட்டணத்து ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்த லாஞ்சு. பூவாயியின் புருஷன் கையைத் தூக்கினான். லாஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்கள். கடைசி வரைக்கும் அவன் கையை இறக்கவில்லை என்று, கரை ஒதுங்கிப் பிழைத்த ராஜேந்திரன் வந்து சொன்னான். சொன்னதோடு சரி. அந்த வீட்டில் அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசியதில்லை.

"நான்தான் பேசறேன்," என்றாள் பூவாயி. "நாந்தான் பேசணும். எவன் எவனோ பாக்காத போனான். அவன் பொண்டாட்டிங்கள்லாம் நல்லாத்தான் கீறாளுங்க. எம்புள்ளயும் ஒருவாட்டி பாக்காத போனா இன்னா கொறஞ்சிடும்? எனக்கு எம்புள்ள வூட்டுக்கு வரணும்ண்ணே. அவ்ளோதான் வேணும். வேற ஒரு மயிரும் வேணாம்."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று அந்த வீட்டில் யாரும் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்தவச்சலம் குப்பத்துக்கு வந்தார். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கருவாடு காயப்போட்ட பாதையில் மூக்கைப் பிடிக்காமல் மரியாதையாக நடந்து வந்தார். மனிதர் சைவம். ராஜேந்திரன் ஓடிப் போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்தான். பூவாயி முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்னும் முடியலைம்மா," என்றார் பக்தவச்சலம், உட்காரும் முன்பே. "நான் விடலை. யுனிவர்சிட்டிக்கு மூணு தடவை போனேன். கொடிமரத்துகிட்ட வரைக்கும் இவன்தான் முதல், கரையில இருந்தவங்க எல்லாரும் சாட்சின்னு சண்டை போட்டேன். கமிட்டித் தலைவர் நல்ல மனுஷன், புரொபசர். மெடல் தர முடியாது, ஆனா பம்பாய் டீம்ல சேர்த்துக்கறேன்னுட்டார்."

பூவாயி இரண்டு கையையும் கூப்பினாள். அவர் காலில் விழப் போனவளை அவர் பதறித் தடுத்தார்.

"இருங்கம்மா. ஒண்ணே ஒண்ணு இருக்கு." அவர் தணிகையின் பக்கம் திரும்பினார். "புதன்கிழமை கமிட்டி முன்னாடி நீ வந்து நிக்கணும். ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. பம்பாயிலயும் எவனாவது கையைத் தூக்கினா என்ன செய்வேன்னு. அங்க நம்ம பல்கலைக்கழகத்தோட பேர் இருக்குடா. நீ பாட்டுக்கு பாதியில திரும்பிட்டா அவங்க என்ன பதில் சொல்றது? காவலுக்கு ஆள் இருக்கு, நான் போகமாட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். அதோட பம்பாய், ரயில்வே, எல்லாம் உன் கையில."

"சொல்லுவான் சார்," என்றாள் பூவாயி. "ஏன் சொல்லமாட்டான்? டேய், சாராண்ட சொல்லுடா."

தணிகை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போமாட்டேன்னு சொல்லு. இப்பவே ஒருவாட்டி சொல்லிப் பாரு."

"வரலைம்மா."

"இன்னா வரல? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு கீற? போமாட்டேன். அஞ்சு எழுத்து. நெசமா இருக்கணும்னு யாரு சொன்னா? அங்க பொய் சொல்லு. தண்ணில எறங்கினப்புறம் உன் இஷ்டம்."

பக்தவச்சலம் சோடாவைக் கீழே வைத்தார். "நானும் அதைத்தான் சொல்ல நினைச்சேன், வாத்தியாரா இருந்துட்டு எப்படிச் சொல்றதுன்னு பார்த்தேன். அம்மாவே சொல்லிட்டாங்க. ஒரு வார்த்தைடா தணிகை."

தணிகை அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பொய்யாவே இருக்கும்னா சொல்லிடுவேன்மா. ஏரில நீஞ்சறப்பல்லாம் உனக்கு பெரம்பூர்ல வூடு பாத்துகினுதான் நீஞ்சினேன். எனக்கு ஆச இல்லன்னா நெனச்ச? ஆனா அன்னிக்கு நான் திரும்பினேனே, ரோசன பண்ணித் திரும்பல. ஒடம்பு தானா திரும்பிச்சு. போமாட்டேன்னு நாலு பெரிய மனுசன் முன்னால சொல்லிட்டன்னு வெய்யி. அடுத்தவாட்டி அது திரும்பறதுக்கு முன்னால ஒரு நொடி ரோசன பண்ணும். சொல்லிட்டோமேன்னு. அந்த ஒரு நொடிதாம்மா எனக்கு பயமா கீது. பொய்யா சொன்னது நெசமாயிடும்."

வெளியே ஒரு பெண் காக்காயைக் கருவாட்டிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தாள். பூவாயி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த கெஞ்சல் போய், வேறு எதுவோ வந்தது. கோபம் இல்லை. தூக்கிச் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவளின் களைப்பு.

"சார்," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "நீங்க ரொம்பப் பாடுபட்டீங்க. எங்க வூட்டு ஆளுங்ககூட அவ்ளோ பாடுபடமாட்டாங்க. உங்களுக்கு நான் இன்னா செய்யப் போறேன்னு தெரியல. இவன உட்டுடுங்க சார்."

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க. இது போனா வேற வழி கிடையாது. பி.ஏ. படிச்சவங்க செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் பேர் நிக்கறாங்க."

"தெரியும் சார். தெரிஞ்சிதான் சொல்றேன். அந்த லாஞ்சுல எம்புள்ள மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா..." பக்தவச்சலத்துக்கு எந்த லாஞ்சு என்று தெரியாது. ராஜேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து அவர் கேட்கவும் இல்லை.

மனிதர் எழுந்தார். தணிகையின் தோளில் கையை வைத்தார். திட்டப் போகிறார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். அவர் தோளை இரண்டு தடவை அழுத்திவிட்டு, "பரீட்சையை ஒழுங்கா எழுது," என்று மட்டும் சொன்னார். பஸ் ரோடு வரைக்கும் தணிகை அவரோடு போனான். அந்த வருஷம் ஆண்டு விழாவிலும் விளையாட்டுச் சாமான்கள் நல்ல நிலையில்தான் இருக்கப் போகின்றன என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர்கள் போனதும் பூவாயி முக்காலியை உள்ளே எடுத்து வைத்தாள். பாதி குடித்திருந்த சோடாவை வெளியே ஊற்றினாள். உலையில் அரிசியைப் போட்டாள். ராஜேந்திரன் கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றான்.

"அண்ணே."

"இன்னாம்மே?"

"பரிச்ச எப்ப முடியுதுன்னு கேட்டுக்கோ. அதுக்கப்புறம் உன் மரத்துல இவனையும் கூட்டிகினு போ."

ராஜேந்திரன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் அடுப்பைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா பூவாயி?"

"நெசமாத்தான். விடிகாலம் நீயே வந்து எழுப்பு," என்றாள். "என்னால எழுப்ப முடியாது."